ஓட்டை அட்டை

சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் நடத்திய டியூஷன் சென்டரில் இது ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். வாசல் போர்டில் ‘கிராமர் புலி’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு புலியையும் வரையச் சொல்லியிருந்தார். வரைந்தவனுக்குக் கை அவ்வளவுதானோ, இல்லை ஆளைப் பார்த்தே வரைந்தானோ, அது பூனை மாதிரி இருந்தது.

அந்த ஒருத்தி அவருடைய அண்ணன் மகள். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவள் என்பதால் சித்தப்பா அவளை ‘எட்டாங்கிளாஸ்’ என்றே கூப்பிடுவார். அப்பா இல்லை. அம்மா வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவை அறையில் வேலை பார்த்தாள். இவளும் தங்கை குட்டியும் சித்தப்பா வீட்டில். சோற்றுக்குப் பதிலாக இவள் டியூஷன் அறையைப் பெருக்க வேண்டும், நோட்ஸ் தாள்களை அடுக்கி ஸ்டேப்ளரால் பின் அடிக்க வேண்டும், பரீட்சைத் தாள் திருத்த வேண்டும். பின் அடிக்கிற தாள்களையெல்லாம் படித்துப் படித்தே நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் இருந்தால் அவளுக்குப் பேச்சே வராது.

வருஷத்துக்கு ஒரு தேர்வு நடக்கும். அதில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளையைச் சித்தப்பா சிபாரிசு செய்தால், விடுதியோடு கூடிய ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். இந்த வருஷம் குட்டியும் எழுதினாள்.

“இது கெடைக்கலைன்னா குட்டியும் நாளையிலேர்ந்து உன்கூடப் பின் அடிக்கட்டும். வீட்டுல ரெண்டு மெஷின் சும்மாதான் கெடக்குது” என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அவர் இதுவரை விளையாட்டுக்குக்கூட ஒரு விளையாட்டுப் பேச்சுப் பேசியவர் இல்லை.

தேர்வில் நாற்பது சொற்கள். முதல் இருபதும் எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த இருபதுக்கு நவுன் உருவம். ‘டிசைட்’ என்று கொடுத்து, டிசைட்மென்ட், டிசைட்னஸ், டிசிஷன், டிசைடல் என்று நாலு வட்டம் போட்டிருக்கும். சரியான வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். பதினோரு வருஷமாக அதே நாற்பது சொற்கள்தான். ஏனென்றால் சித்தப்பாவிடம் இருந்தது ஒரே ஓர் அட்டை. எப்போதோ எவரையோ வைத்து, சரியான விடை வருகிற இடங்களில் ஓட்டை போட்டு வாங்கி வைத்திருந்தார். அதைத் தாளின் மேல் வைத்து, ஓட்டைக்குள் மை தெரிகிறதா என்று எண்ண வேண்டும். தெரிந்தால் மார்க். அவ்வளவுதான் புலியின் மொத்த இலக்கணமும்.

இந்த வருஷம் அச்சுக்கடைக்காரர் கம்ப்யூட்டரில் பழைய கேள்வித்தாள் அழிந்துபோயிற்று. அவர் புதிதாக அடித்துக் கொடுத்தார். முன்பு ஒன்று முதல் இருபது வரை இடப்பக்கம் மேலிருந்து கீழே ஓடும், மிச்சம் வலப்பக்கம். அவரோ ஒன்று இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம், மூன்று மறுபடி இடப்பக்கம் என்று குறுக்கே அடித்துவிட்டார். வட்டங்கள் அதே இடத்தில் இருந்தன. சொற்கள்தான் இடம் மாறியிருந்தன.

திருத்த உட்கார்ந்தவள் குட்டியின் தாளில் அட்டையை வைத்தாள். எட்டு மார்க். திடுக்கிட்டுப்போய் அட்டையை எடுத்துவிட்டு, வரிவரியாகப் படித்தாள். முப்பத்தெட்டு சரி.

தாளையும் அட்டையையும் தூக்கிக்கொண்டு சித்தப்பாவிடம் ஓடினாள்.

“சித்தப்பா, ஓட்டை மாறி விழுது.”

“ஓட்டை எப்படிடி மாறும்? அது என்ன, காலு மொளச்சு நடக்குதா?”

“கேள்வி எடம் மாறியிருக்கு.”

அவர் அட்டையை வாங்கி வைத்துப் பார்த்தார். முதல் ஓட்டையில் மை தெரிந்தது. கடைசி ஓட்டையிலும் தெரிந்தது. எப்படி அடுக்கினாலும் ஒன்று முதலிலும் நாற்பது கடைசியிலும்தானே வரும்!

“ஆரம்பமும் சரி, முடிவும் சரி. நடுவுல மட்டும் என்ன கெட்டுப்போச்சு? எட்டாங்கிளாஸ், நீ ஓட்டையைப் பாரு, வார்த்தையைப் பாக்காதே. வார்த்தையைப் பாக்கற படிப்பு உனக்கு இருந்தா நீ ஏன் இங்க இருக்கே?”

அவள் திரும்பி வந்து அறுபத்திரண்டு தாளையும் அட்டை வைத்துத் திருத்தி, சிவப்பில் மார்க் போட்டாள். ஏழு, ஒன்பது, பத்து. முதல் மார்க் டயர்கடைக்காரர் மகளுக்கு: பதினான்கு. அந்தப் பெண் கேள்வியையே படிக்கவில்லை. நாற்பதுக்கும் இரண்டாவது வட்டத்தையே நிரப்பி, ஓரத்தில் பூவும் வரைந்திருந்தது. சித்தப்பா அன்று மதியமே டயர்கடைக்குப் போய்ச் செய்தியைச் சொல்லிவிட்டு, சைக்கிளுக்கு இரண்டு புது டயரோடு வந்தார்.

சாயங்காலம் பெற்றோர் கூட்டம். அதற்குள் அவள் எல்லாத் தாளையும் இன்னொரு முறை, அட்டை இல்லாமல், படித்துத் திருத்தினாள். அந்த மார்க்கைச் சிவப்பு மார்க்குக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்.

அறை நிறைந்தது. சித்தப்பா எழுந்தார். “இந்த வருஷம் புள்ளைங்க தரம் பாதாளத்துக்குப் போயிடுச்சு. நான் என்ன பண்றது? பாலை ஊத்தலாம், குடிக்கிறது அவங்கதானே?” எல்லோரும் தலையாட்டினார்கள். தங்கள் பிள்ளை மக்கு என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாத கூட்டம் அது.

எட்டாங்கிளாஸ் பின்வரிசையிலிருந்து தாள்களைக் கொடுக்க ஆரம்பித்தாள். தாளைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அங்கே கிடையாது.

“ஏய், பேப்பரை எதுக்குடி குடுக்கறே?”

அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். தாள்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

“இது என்னம்மா, சிவப்புல ஏழு, பென்சில்ல முப்பத்தொண்ணு?” என்று தையல்காரம்மா கேட்டாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசையில் குட்டி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “சிவப்பு… அட்டை போட்டது. பென்சில் படிச்சுப் போட்டது.”

“அப்போ எம் புள்ளைக்கு முப்பத்தொண்ணா?” தையல்காரம்மா எழுந்துவிட்டாள். “எனக்கு இருபத்தாறு!” “எங்களுக்கு இருபத்தொம்பது!” என்று நாலா பக்கமும் எழுந்தார்கள். நியாயம் கேட்டு எழுந்திருக்காத இடுப்புகள் மார்க்குக்கு எழுந்தன.

டயர்கடைக்காரர் மட்டும், எல்லாமே இரண்டாவது வட்டமாக இருந்த தாளை உயர்த்திப் பிடித்தார். “எம் பொண்ணுக்கு ரெண்டுலயும் பதினாலுதான்! அட்டை கரெக்டாத்தான் இருக்கு!”

“சார், நீங்களே அட்டை இல்லாம ஒரு பேப்பரைத் திருத்துங்க. பாத்துட்டுப் போறோம்” என்றாள் தையல்காரம்மா.

சித்தப்பா தாளை வாங்கினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “என் கண்ணாடி எங்கே?” என்றார். அது அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. பிறகு தாளை மடித்துவிட்டு, பெரிதாகச் சிரித்தார்.

“கண்டுபிடிச்சிட்டீங்களே! இதுதான் நான் வச்ச டெஸ்ட்டு. புள்ளைங்களுக்கு இல்லை, பெத்தவங்களுக்கு. யாரு கவனமா இருக்கீங்கன்னு பாத்தேன்.”

அதையும் நம்பினார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். தையல்காரம்மாவே, “நான் அப்பவே நெனச்சேன்” என்றாள். எட்டாங்கிளாஸுக்கு அவர்களைப் பார்க்கக் கோபம் வரவில்லை. சாக்கடை ஓரமாகப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பது போல, அவர்களைத் தாண்டி மேஜைக்குப் போனாள்.

“குட்டிதான் முதல் மார்க், சித்தப்பா. முப்பத்தெட்டு” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி, பெரிய பள்ளிக்கூடத்தின் படிவத்தை அவர் முன்னால் வைத்தாள். குட்டியின் பெயர், வயது, வகுப்பு எல்லாம் நிரப்பியிருந்தது. இனிமேல் முடியாது என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

“நான் எப்பவுமே சொல்வேன், எங்க குடும்ப ரத்தம்னு” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். படிவம் முழுக்க இங்கிலீஷ். பேனா மேலே போயிற்று, கீழே வந்தது, ஓரத்தில் நின்றது.

“எங்கடி?” என்றார், உதடு அசையாமல்.

அவள் விரலை வைத்துக் காட்டினாள். விரல் இருந்த இடத்தில் போட்டார். ‘இந்த வீட்டை எழுதித் தருகிறேன்’ என்ற வரிக்குக் கீழே விரலை வைத்திருந்தாலும் போட்டிருப்பார். அந்த வீட்டை யார் வாங்குவது?

மை காய ஊதிவிட்டு அவள் படிவத்தை மடித்தாள்.

“சரி சரி, எல்லாருக்கும் டீ போடு” என்றார் சித்தப்பா.

“குட்டிக்குத் துணி எடுத்து வைக்கணும்” என்று சொல்லிவிட்டு, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.