ஐஸ்பெட்டியில் வைத்த கல்யாணம்

மணப்பெண்ணின் தாடையில் இருந்த பருவை, ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஆல்பம் என்கிறவள் அழித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டக். ஒரு மூச்சு இழுக்கிற நேரம் கழித்து மறுபடியும் டக். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் யாரையோ வைத்துப் பூட்டிவிட்டதுபோலவும், அந்த ஆள் உள்ளேயிருந்து விரல் கணுவால் தட்டுவதுபோலவும் இருந்தது. திரையில் மணப்பெண் பாதிப் பருவோடு அப்படியே உறைந்துபோனாள்.

ஆல்பம் யோசிக்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஆல்ப அட்டை ஒன்றைக் கிழித்து, 'டிஸ்க்கில் சத்தம். யாரும் ஆன் பண்ணக் கூடாது' என்று தடித்த பேனாவால் எழுதித் திரையின் மேல் டேப் போட்டு ஒட்டினாள். பிறகு மாடி அலமாரியில் இருந்த இரண்டாவது டிஸ்க்கை எடுத்துவரப் படியேறினாள்.

ஆல்பம் என்பது தெரு அவளுக்கு வைத்த பெயர். ஸ்டூடியோவின் போர்டில் முதலாளி பெயர்தான் மின்னும். படம் எடுக்கிற பையன்கள் சீசனுக்குச் சீசன் மாறுவார்கள். ஆனால் அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பிரித்தாலும் உள்ளே அவள் கை பட்டிருக்கும். மாமியாரின் முறைப்பைத் தணித்தவள் அவள். ஓரத்தில் கொட்டாவி விட்ட சித்தப்பாவை வெட்டியவள் அவள். சண்டை போட்டுக்கொண்டு வராமலே இருந்த நாத்தனாரைக் கொண்டுவந்து நடு வரிசையில் நிறுத்தி, குடும்பத்தைச் சேர்த்துவைத்த புண்ணியமும் அவளுக்கு உண்டு. லோடு இறக்கும்போது இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடக்கும் கணவனுக்கும், பள்ளிக்குப் போகும் மகளுக்கும் இந்த மௌஸ்தான் சோறு போட்டது.

அவள் இறங்கி வருவதற்குள் கீழே டக் டக் என்று கேட்டது. அட்டை தரையில் கிடந்தது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியின் விலாவில் அறைந்துகொண்டிருந்தார். வருகிறவர்களையெல்லாம் "கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்க" என்று படுத்துவதால் அவருக்குச் 'சிரிங்க' என்று பெயர். அவர் மட்டும் கடைக்கு வாடிக்கையாளர் வரும்போதுதான் சிரிப்பார்.

"ஐயோ, ஆஃப் பண்ணுங்க சார்! உள்ள படம் பதிஞ்சிருக்கற தட்டை ஊசி சுரண்டிடும். நான் எழுதி வெச்சிருந்தேனே?"

"நான் வாங்கின கம்ப்யூட்டர்ல, ஆன் பண்ணாதேன்னு எனக்கே போர்டு வைக்கிறியாம்மா நீ?" என்றார் சிரிங்க. அணைத்தார். போட்டார். டக். அணைத்தார். போட்டார். டக் டக். "சும்மா சூடாயிருக்கும். ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்."

"ரெண்டாவது டிஸ்க்ல எல்லாம் இருக்கு சார். வாரா வாரம் காப்பி போடறேன்ல. பதறாதீங்க."

"யாரு பதறினா? நீதான் எப்பவுமே பயந்தாங்கொள்ளி."

கவுன்டரில் இருந்த லேப்டாப்பில் அவள் இரண்டாவது டிஸ்க்கைச் சொருகினாள். திறந்தது. உள்ளே ஒரு கல்யாணமும் இல்லை. துப்பாக்கியும் கையுமாக நிற்கும் ஆட்களின் சண்டை சினிமாக்கள் வரிசையாக இருந்தன. அவள் கீழே இழுத்துப் பார்த்தாள். மேலே இழுத்துப் பார்த்தாள். சண்டைதான்.

சோபாவில் படுத்து ஃபோனை நோண்டிக்கொண்டிருந்த மச்சான் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். அவன் சிரிங்கவின் மனைவியுடைய தம்பி. மச்சான் முறை முதலாளிக்கு மட்டும்தான். ஆனால் பெண் கொடுக்காமல், எடுக்காமல் தெருவே அவனை மச்சான் என்றுதான் கூப்பிட்டது. கடையில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்டால் 'மேற்பார்வை' என்பான்.

"சினிமா ஏத்த இடம் பத்தலன்னு காட்டுச்சுக்கா. அதான் பழசையெல்லாம் தூக்கிட்டேன்" என்றான் பிடரியைச் சொறிந்தபடி.

"பழசா? போன மாசக் கல்யாணம்ணா அது! எப்ப தூக்கினீங்க?"

"எல்லாம்தான் அதுல இருக்குல்ல?" டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்த பெட்டியை அவன் காட்டினான்.

கேமரா கார்டில் இருக்குமா என்று கேட்கவே வேண்டாம். கல்யாணம் முடிந்த அன்றே கார்டைக் காலி பண்ணியாக வேண்டும் என்பது சிரிங்க போட்ட சட்டம். இன்னொரு செட் கார்டு வாங்கலாமே சார் என்று ஒருமுறை கேட்டதற்கு, "படத்தை உள்ளயே வெச்சிருந்தா குஞ்சா பொரிக்கும்?" என்று அவர் கேட்டது தெருவில் பிரசித்தம். அந்தக் கார்டில் இதற்குள் வேறு கல்யாணங்கள் ஏறி இறங்கியிருந்தன.

"குளிர வெச்சா எழுந்துக்கும் மாமா" என்றான் மச்சான். "நான் வீடியோல பார்த்திருக்கேன்."

"வேண்டாம் சார். தண்ணி கோத்துக்கும். அப்படியே கழட்டி, டிஸ்க் சரிபண்றவங்ககிட்ட கொண்டு போயிடலாம். கெஞ்சிக் கேக்கறேன்."

"அவன் காசு தீட்டிடுவான் நம்மகிட்ட. நீ கொஞ்சம் வாயை மூடறியா?"

மச்சான் டிஸ்க்கைக் கழற்றி ரொட்டிக் கவர் ஒன்றில் சுற்றிக்கொண்டு, பக்கத்துக் குளிர்பானக் கடைக்குப் போனான். கடைக்கார அம்மா ஐஸ்பெட்டியைத் திறந்து பிடித்தபடி கேட்டாள்.

"என்னப்பா இது? மீனா?"

"கல்யாணம்கா."

"யாரோடது?"

"தெரியல. மூணு நாலு இருக்கும்."

அந்தம்மா இதைச் சொல்லிச் சொல்லித் தெரு முழுக்கச் சிரித்தது. குச்சி ஐசுக்கும் சோடாவுக்கும் நடுவில் மூன்று நான்கு ஜோடிகள் விறைத்துக் கிடந்தார்கள். மதியம் எடுத்து, வேர்த்து வடிந்ததைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி சொருகினார்கள். டக் இல்லை. க்ரீச் என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் எதுவும் இல்லை.

டிஸ்க் சரிபண்ணுகிறவரின் இடம் ஒரு மாடி அறை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளை உறை மாட்டிய கைகளோடு அவர் அதைத் திறந்து, விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடிபோல இருக்க வேண்டிய தட்டில் வட்டமாக ஒரு கோடு. கோட்டைச் சுற்றிக் கரித்தூள்.

"முதல்ல சத்தம் கேட்டதும் நிறுத்தியிருந்தா பெரும்பாலும் எல்லாத்தையும் எடுத்திருக்கலாம். அதுக்கப்புறம் யாரு திரும்பத் திரும்ப ஓட்டினது?"

சிரிங்க வாயைத் திறக்க நேரமே எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க டிசைனர்தாங்க. சொன்னா கேக்க மாட்டா."

ஆல்பம் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரா இருந்தா என்ன, முடிஞ்சதை எடுத்துத் தரேன். பாதிப் பாதியாத்தான் வரும்" என்றார் அந்த மனிதர். அவருக்கு அடுத்த டிஸ்க் காத்திருந்தது.

நாலு நாள் கழித்து, மீண்டதை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது ஆட்டோவில் சிரிங்க குழைந்தார். இதற்குள் மூன்று குடும்பங்கள் சமாதானமாகிவிட்டன, கைபேசியில் எடுத்த படங்களை வைத்து ஆல்பம் போட்டால் போதும் என்றன. ஒரு பெண் மட்டும் விடமாட்டேன் என்கிறாளாம். நாளைக்குக் கடைக்கு வருகிறாளாம்.

"கடை பேரு கெட்டா உனக்கும்தான் வேலை இல்ல, எனக்கும்தான் இல்ல. நான் பண்ணேன்னு சொன்னா ஊரே சிரிக்கும். உன் கை தவறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பொண்ணு ரெண்டு திட்டு திட்டிட்டுப் போயிடும். உன் வேலைக்கு நான் பொறுப்பு. என் தங்கச்சி மாதிரி நினைச்சுத்தான் கேக்கறேன்."

இத்தனை வருஷத்தில் அவர் அவளைத் தங்கச்சி என்றது அதுதான் முதல் தடவை.

வீட்டில் கணவன் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். "திரும்ப ஆன் பண்ணது அவன். அழிச்சது அவன் மச்சான். திட்டு வாங்க நீயா? நல்லா இருக்குடி நியாயம். அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"சொல்லிட்டு? நாளையிலேர்ந்து நீ எழுந்து மூட்டை தூக்கப் போறியா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு இருந்தது. சொன்னதைத் திருத்த அங்கே மௌஸ் இல்லை.

மறுநாள் வந்தவள், தாடையில் பாதிப் பருவோடு உறைந்து நின்ற அதே பெண். நேரில் பரு ஆறிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் அவளுடைய அப்பா, பஸ்ஸுக்காக நின்றிருந்தவர், நின்ற இடத்திலேயே சரிந்து போய்விட்டார்.

"எனக்கு ஆல்பமே வேண்டாம் சார்" என்றாள். "மேடையில அப்பா என் காதுல ஏதோ சொல்லிட்டுச் சிரிச்சார். உங்க ஆளு அப்ப எடுத்தாரு, நான் பார்த்தேன். அந்த ஒண்ணை மட்டும் குடுங்க."

ஆல்பத்துக்கு அந்தப் படம் தெரியும். அப்பாவின் சட்டைப் பையில் பேனா கசிந்து, ஐந்து பைசா அகலத்துக்கு மைக் கறை. நாளைக்கு எடுத்துவிடலாம் என்று விட்டுவைத்திருந்தாள்.

மாடி அறையிலிருந்து மீண்டு வந்ததை அவளே லேப்டாப்பில் திறந்து காட்டினாள். மண்டபத்தின் கூரை விளக்குகள். பூ அலங்காரத்தின் மேல்வரிசை. அப்பா. நரைத்த முடி இருந்தது, நெற்றி இருந்தது, புருவம் வரைக்கும் இருந்தார். அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம், பெயின்ட் அடித்ததுபோல.

அந்தப் பெண் திரையில் சாம்பலைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணும் கவலைப்படாதம்மா" என்றார் சிரிங்க, வாடிக்கையாளருக்கான சிரிப்போடு. "அதே டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு வா, மேடை செட் போட்டு ஒரு மணி நேரத்துல திருப்பி எடுத்துடலாம். அப்பாவோட பழைய ஃபோட்டோ ஏதாவது கொண்டா. அப்படியே பக்கத்துல சேர்த்துடலாம். வித்தியாசமே தெரியாது."



"என்ன சொன்னீங்க?" என்றாள் அவள். "செத்துப்போன எங்க அப்பாவை வெட்டி ஒட்டறீங்களா? யாரு சார் இதைப் பண்ணது? எனக்கு அந்த ஆளைக் காட்டுங்க."

சிரிங்க ஆல்பத்தைப் பார்த்தார். ஆட்டோவில் பார்த்த அதே பார்வை. சோபாவில் மச்சான் ஃபோனைக் கவிழ்த்துவைத்தான்.

"நான்தாம்மா" என்றாள் ஆல்பம். "கை தவறிப்போச்சு."

"கை தவறிச்சா? உங்க வீட்டுல யாரும் சாகவே மாட்டாங்களா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" அவள் அழவில்லை. குரல்தான் கிழிந்தது. "இந்தக் கையை வெச்சுக்கிட்டு இன்னும் இங்க உக்காந்து வேற சம்பளம் வாங்கறியா? இவளை இன்னுமா சார் வேலைக்கு வெச்சிருக்கீங்க?"

"எங்கம்மா வெச்சிருக்கேன்?" என்றார் சிரிங்க, மூச்சு விடாமல். "நேத்தே நிறுத்திட்டேன். உன்கிட்ட மன்னிப்பு கேக்கறதுக்காகத்தான் இன்னிக்கு வரச் சொன்னேன்."

ஆல்பம் நின்றாள். "சார்" என்றாள். அதற்கு மேல் வருவதற்குள் அவர் பெண்ணை வாசல்வரை அனுப்பப் போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் கைகூப்புவதும், மச்சான் வண்டியை ஒதுக்கி வழிவிடுவதும் தெரிந்தது. அவள் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

"நான் இல்லம்மா! நான் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். இவர்தான் திரும்பத் திரும்ப ஆன் பண்ணாரு. அழிச்சது இந்த ஆளு!"

பெண் திரும்பிப் பார்த்தாள். "இப்பதானே நான்தான்னு சொன்ன?" என்றாள் களைப்பாக. வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

"வேலை போனதும் எப்படி மாத்திப் பேசறா பாரு" என்றான் மச்சான் குளிர்பானக் கடைப் பக்கம் திரும்பி. ஐஸ்பெட்டிக்காரம்மா அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவள் கடை வைத்திருந்த இடம் சிரிங்கவுடைய மாமனாருடையது. அவள் மூடியைத் துடைத்தாள்.

ஒரு வாரம் ஆல்பம் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கினாள். "ஆள் இருக்கும்மா." "சீசன் முடியட்டும்மா." சீசனில் கூட்டம் தாங்காமல் அவளிடம் ராத்திரி வேலை கொடுத்து வாங்கியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். கடைசியாக ஒரு வயதானவர் மட்டும் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"நான் நம்பலம்மா. உன் வேலை எனக்குத் தெரியாதா? ஆனா நீயே ஒத்துக்கிட்டியாமே, வாடிக்கையாளர் எதிர்ல. எங்க ஸ்டூடியோ சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல உன் முதலாளி போட்டிருக்கான். எல்லாரும் பார்த்துட்டாங்க. உன்னை வெச்சா நாளைக்கு என் கடைக்கு யாரு வருவா?"

அவர் ஃபோனை நீட்டினார். 'கவனம்! வாடிக்கையாளர் படங்களை அலட்சியத்தால் அழித்த இந்த நபருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.' சிவப்பு எழுத்துக்குக் கீழே அவள் படம். கடைச் சுவரில் மாட்டியிருந்ததைக் கண்ணாடியோடு சேர்த்து ஃபோனில் எடுத்திருக்கிறார்கள். நெற்றிக்குக் குறுக்கே ட்யூப்லைட் வெளிச்சம் விழுந்திருந்தது. பழக்கம் விடவில்லை. அவள் இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். சிறந்த ஊழியர் என்று சிரிங்க கேடயம் கொடுத்த அன்று எடுத்தது. அவள் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவரை வெட்டியிருக்கிறார்கள். வெட்டத் தெரியாமல் வெட்டியிருக்கிறார்கள். கேடயத்தின் மறுமுனையில், ஆள் இல்லாமல், நான்கு விரல்கள் மட்டும் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன.