முதல் வருடமா, இரண்டாம் வருடமா?

1

இந்தக் கதை என் தவறு ஒன்றிலிருந்து வந்தது. அதை மறைத்து எழுதிப் பார்த்தேன். முதல் பத்தியையே தாண்டவில்லை.

"அன்று கடல் சாம்பல் நிறத்தில் விரிந்து..."

அடித்துவிட்டேன். அன்று நான் கடலுக்கே போகவில்லை. அதுதானே விஷயம்.

2

அண்ணன் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஆலையில் எலக்ட்ரீஷியன். சாப்பாட்டு இடைவேளையில் அலைத்தடுப்புக் கல்லில் உட்கார்ந்து கடற்காகங்களைப் பார்ப்பான்; பார்த்ததை நோட்டில் குறித்துக்கொள்வான். இருபது வருடப் பழக்கம். ஒருநாள், இந்தப் பக்கமே வராத இனம் ஒன்றைப் படமெடுத்து, 'முதல் வருடப் பறவை' என்று குறித்து, பறவைப் பதிவுக் குழுவுக்கு அனுப்பினான். குழுவில் ஐந்து பேர். நான் அதில் ஒருத்தி.

(பெரிய கடற்காகம் வளர்ந்து முடிய நாலு வருடமாகும். அதுவரை வருடத்துக்கு ஒரு சிறகுச் சட்டை. ஓர் இனத்தின் இரண்டாம் வருடப் பறவை, இன்னொன்றின் முதல் வருடப் பறவையை அப்படியே உரித்து வைத்திருக்கும்.)

படத்தில் அலகின் அடி வெளுத்திருந்தது; வழக்கமாக இரண்டாம் வருடத்தில்தான் அப்படி வெளுக்கும். "சாதாரண இனம், இரண்டாம் வருடம். ஏற்க இயலாது" என்று எழுதினேன். இரண்டுக்கு இரண்டு என்று நின்ற வாக்கெடுப்பு என் ஓட்டில் முடிந்தது. சொந்த அண்ணனுக்கும் சலுகை காட்டவில்லை என்ற பெருமை வேறு.

3

அதன்பின் அண்ணன் அந்தக் கல்லில் உட்காரவில்லை. வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுவான். பறவைப் பேச்சே கிடையாது. 'கோபம்' என்று இந்தப் பாத்திரத்துக்கு எழுதிவைத்தேன். மூன்று வருடம் அதையே நம்பினேன்.

போன மாதம் பழைய படங்களைப் பெரிய திரையில் பார்த்தபோது, அந்தப் பறவையின் இறக்கை ஓரத்து வெளிச்சிறகுகள் கண்ணில் பட்டன. நுனி கூராக இருந்தது. முதல் வருடத்தில்தான் அப்படி. அடுத்த வருடச் சிறகு நுனி உருண்டிருக்கும். அலகையே பார்த்துக்கொண்டிருந்தவள் சிறகைப் பார்க்கவில்லை.

4

மறுபரிசீலனைப் படிவத்தோடும் அந்தப் படத்தோடும் போனேன். கதவைத் திறந்த அண்ணி, என் முகத்தைப் பார்த்ததும் "என்னாச்சு?" என்றாள்.

அண்ணன் ஒரு சுவிட்சுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். இத்தனை நாளா என்மேல கோபமா இருந்திருப்பே..."

"கோபமா? உன்மேலயா?" திருப்புளியைக் கீழே வைத்தான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அப்போ இருபது வருஷமாப் பாத்ததெல்லாம் தப்போன்னு ஆயிடுச்சு. நோட்டையெல்லாம் போட்டுட்டேன்."

"எங்க போட்டே?"

அவன் திருப்புளியை மறுபடி எடுத்தான். அண்ணிதான் சொன்னாள்: "பழைய பேப்பர்காரர்கிட்ட. பதினோரு நோட்டு. ஒண்ணையாவது எடுத்து வைக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டார்."

[இங்கே நான் அழுததாக ஒரு வரி இருந்தது. அழுதது உண்மைதான். ஆனால் கதை அந்த இடத்தில் என்னைப் பார்க்கக் கூடாது.]

அண்ணன் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தான்.

"கூராத்தான் இருக்கு" என்றான். படத்தைத் திருப்பித் தந்து, "இப்ப நீ சொல்றதால அப்படித் தெரியுதோ என்னவோ."

5

படிவத்தில் அவன் கையெழுத்து வேண்டும். மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அவன் கையெழுத்துப் போட்டதாக ஒரு முடிவு எழுதினேன், கிழித்தேன். பைனாகுலரோடு மறுபடி கல்லில் உட்கார்ந்திருப்பதாக இன்னொன்று. அதையும் கிழித்தேன். அவன் பார்த்ததற்கு ஏற்கனவே ஒருமுறை நான் முடிவு எழுதியாயிற்று.

என்றைக்காவது நீங்கள் அவனைச் சந்தித்தால், அன்று என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். நான் என்ன சொன்னேன் என்பதை மட்டும் அவனுக்கு நினைவுபடுத்திவிடாதீர்கள்.