குப்பையைக் கொட்டட்டா?

பெற்றிசியா அக்கா கணினியின் பொத்தானை அமத்திவிட்டுச் செபமாலையைக் கையில் எடுத்தார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். பெட்டி இரைந்தது. திரை கறுப்பாகவே கிடந்தது.

“செபமாலையில மூண்டு பத்துச் சொல்லி முடிக்க முந்தி வராது,” என்றார். “அந்தாள் இருக்கேக்கை ஒரு பத்தோட வந்திடும். இப்ப இதுவும் அவரைப் போலத்தான். எழும்பிறதுக்கே விடியும்.”

அந்தாள் என்றது அவருடைய கணவர் அருளப்பன் அண்ணாவை. ஐப்பசியில் ஒரு காலை, கடலுக்குப் போகும் பாஸைப் புதுப்பிக்கவென்று ஓலைத்தொடுவாயிலிருந்து மன்னார் ரவுணுக்குச் சைக்கிளில் போனவர். சைக்கிளும் வரவில்லை. இப்போது மாசி, இரண்டாயிரத்து எட்டு.

வியாழக்கிழமை கோயில் மண்டபத்துக்குக் காணாமற்போனவர்களைப் பதிகிறவர்கள் வருவதாக இருந்தது. படிவத்தைப் பாதர் முன்கூட்டியே தந்திருந்தார். அதன் மேல் மூலையில் ஒரு சதுரம், படம் ஒட்டுவதற்கு. பாஸில் ஒட்டிய படமும் அடையாள அட்டையும் அண்ணாவின் சட்டைப் பையோடு போய்விட்டன. கலியாண அல்பத்தை அவரே முந்தின வருடம் அடுப்பில் போட்டு எரித்திருந்தார். கலியாணம் சமாதான காலத்தில், இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த விடத்தல்தீவில் நடந்தது. அதில் நின்ற சனத்தில் பாதிப்பேரைப் பற்றி யாராவது கேட்டால் சொல்ல முடியாத நிலை பின்னால் வந்தது. மிச்சமிருந்த படங்கள் கணினிக்குள் மட்டும். ஆனால் ஒரு படத்தைத் திறக்கப் போனாலே அது அப்படியே உறைந்துவிடும்.

திருத்துகிற கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வழியில் சோதனைச் சாவடியில் திறந்து பார்ப்பார்கள். நான் ரவுணில் ஆறு மாதம் கணினி படித்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார். வாங்குவதற்கு ஒன்றுமில்லை என்று வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. தானாக எழும்புகிறவற்றை நிறுத்துவது, வேண்டாததை அழிப்பது, சிதறிக் கிடப்பதை அடுக்குவது. இவை எல்லாவற்றுக்கும் முதல், உள்ளதைப் பிரதி எடுத்து வைப்பது.

படங்கள் எங்கே என்று கேட்டேன். அக்கா வாசலைப் பார்த்தார்.

“இருக்கு. நான் எடுத்துத் தாறன். நீ முதல் இதைக் கெதியாக்கு.”

அந்த நாட்களில் படங்களைப் பற்றி யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

கண்ணில் பட்ட கோப்புகளையெல்லாம் என் பென் டிரைவில் பிரதி எடுத்தேன். திருநாள் அறிவித்தல்கள், மீனவர் சங்கத்துக் கடிதங்கள், பாட்டுகள். ஒன்றரை மணித்தியாலம் போனது. பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேறொரு நாட்டில், பனி பெய்கிற ஒரு ஊரில், யாரோ ஒருத்தி இப்படியே ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எண்ணினேன். பிறகு அந்த எண்ணமும் நின்றுவிட்டது.

தானாக எழும்பும் பதினொரு செயலிகளில் எட்டை நிறுத்தினேன். இன்னும் இடம் போதவில்லை. திரையின் மூலையில் குப்பைத்தொட்டி நிரம்பி வழிகிற வடிவில் இருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை. குப்பையை யார் பிரதி எடுப்பார்கள்?

அக்கா குசினியில் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். இருந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

“அக்கா, குப்பையைக் கொட்டட்டா?”

“ஓம் பிள்ளை, கொட்டிவிடு. மணக்குது.”

கணினியைத்தான் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். இருநூற்றுப் பதினான்கு கோப்புகள், நிச்சயமா என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. ஓம் என்ற இடத்தில் அமத்தினேன். பிறகு சிதறிக் கிடப்பதை அடுக்கக் கொடுத்தேன். சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் இடம் மாறத் தொடங்கின. நாற்பது நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குசினி வாசலில், மீன் செதிலும் குடலும் நிறைந்த கடகம் வைத்த இடத்திலேயே இருந்தது.

“குப்பையைக் கொட்டயில்லையே?”

“கொட்டிட்டன் அக்கா.”

“கடகம் நிரம்பினபடி கிடக்கு.”

சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தார். மூலையில் தொட்டி வெறுமையாக இருந்தது. அதையே பார்த்தபடி நின்றார்.

“அதுக்குள்ளதான்,” என்றார்.

பிறகு, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். போன வருடச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அடுத்த வீட்டுக் கணினியைத் திறந்து, படத்திலிருந்த ஒவ்வொரு முகத்தையும் யார் யார் என்று கேட்டார்களாம். அன்று பின்னேரம் அருளப்பன் அண்ணா தன்னுடைய எல்லாப் படங்களையும் குப்பைத்தொட்டிக்குள் போட்டிருக்கிறார். குப்பையைக் கிளற ஆர் வரப்போறான் என்று சிரித்தாராம். பார்க்க வேண்டுமென்றால் வெளியே எடுப்பது, பார்த்துவிட்டுத் திரும்பவும் போடுவது. அக்காவுக்கும் பழக்கிவிட்டிருந்தார்.

நான் கோடுகளை நிறுத்தினேன். அழித்த பொருள் அந்த இடத்திலேயே கிடக்கும், அதன்மேல் வேறொன்றை வைத்தால்தான் போகும் என்று படித்திருந்தேன். நாற்பது நிமிடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் ரவுணுக்குப் போனேன். வகுப்பெடுத்த சரிபுதீன் சேர், அழிந்ததைத் தேடும் இலவசச் செயலி ஒன்றைச் சீடியில் போட்டுத் தந்தார். அழித்த பிறகு என்ன செய்தனீர் என்று கேட்டார். அடுக்கினேன் என்றேன்.

அது பகல் முழுக்கத் தேடியது. மூன்று படங்கள் கிடைத்தன. இரண்டு திறக்கவில்லை. மூன்றாவது மேலிருந்து மெல்ல இறங்கியது. வானம், ஒரு பனைத் தலை, விடத்தல்தீவுக் கோயிலின் கோபுரம். அதற்குக் கீழே சாம்பல் நிறம்.

“கோபுரத்துக்குக் கீழதான் நிண்டவர்,” என்றார் அக்கா. சாம்பல் நிறத்தில் விரலை வைத்தார். “இதில.”

என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

புதன்கிழமை பாதரிடம் கேட்டோம். படம் இல்லாவிட்டால் அங்க அடையாளங்களைத் தெளிவாக எழுதி இணைக்கலாம் என்றார். பின்னேரம் அதைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தோம். அக்கா பொத்தானை அமத்திவிட்டுச் செபமாலையை எடுத்தார். முதலாவது ‘அருள் நிறைந்த மரியே’ முடியவில்லை, திரை முழுதாக வந்து நின்றது. அவர் நிறுத்தவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தபடியே மூன்று பத்தையும் சொல்லி முடித்தார். நான் காத்திருந்தேன்.

உயரம், நிறம், உடுத்திருந்த சாரம், எல்லாம் தடங்கலின்றிச் சொன்னார். நான் தட்டத் தட்ட எழுத்து உடனுக்குடன் விழுந்தது.

“புருவத்தில வெட்டுக்காயம். வள்ளத்து விளிம்பு பட்டது.”

“எந்தப் பக்கம் அக்கா?”

வலது கையைத் தூக்கி, தனக்கு நேரே ஒரு முகத்தின் உயரத்தில் காற்றைத் தொட்டார்.

“இந்தப் பக்கம்.”

நான் வலது என்று தட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு எழும்பி, கை தொட்ட இடத்துக்குப் போய், என் பக்கம் திரும்பி நின்றார். அண்ணா நின்றிருக்கக்கூடிய இடத்தில், அண்ணாவைப் போல. தன்னுடைய புருவத்தைத் தொட்டார்.

“இது என்ன பக்கம்?”

“இடது.”

“அப்ப இடது.”

மாற்றினேன். அடுத்த அடையாளத்தைக் கேட்க முதல், அந்த ஒரு பக்கத்தைப் பென் டிரைவில் பிரதி எடுத்தேன். அக்கா அங்கேயே நின்றார், விரல் புருவத்தில் இருந்தபடி.