மேல்பாதி இருபது கட்டைகள்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அந்த அக்கார்டியன் விழாவுக்குப் பதினொரு நாட்டுக்காரர்கள் வந்தார்கள் என்று விழா வேன் ஓட்டியவர் சொல்வார். ஒன்பதுதான், அதிலும் இரண்டு பேர் ஒரே ஊரிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனியாக வந்தவர்கள் என்று அவர் மனைவி சொல்வாள். நானும் அங்கே இருந்தேன். ஆனால் பாதியை அவர்கள் சொல்லிக் கேட்டேன். எது கண்டது, எது கேட்டது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. மழை பெய்ததா என்பதுகூட நிச்சயமில்லை. இருபது கட்டைகளின் விஷயத்தில் மட்டும் சந்தேகம் கிடையாது.

அந்த மனைவிதான் விழாவில் அக்கார்டியன் பழுது பார்த்தவள். வந்த இசைக்காரர்கள் அவளை டாக்டரம்மா என்றார்கள். அரங்கத்துக்குப் பின்னால், நாடகக்காரர்கள் துணி தேய்க்கும் அறையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நீள மேசை, வளைகிற கழுத்துள்ள ஒரு விளக்கு, சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். சுவரோரமாக அக்கார்டியன் பெட்டிகள், மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல வரிசையாக இருந்தன.

கோணலாக எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. வங்கியில் வரிசையில் நின்றால் சுவர் நாட்காட்டியை நிமிர்த்திவிட்டு வருவாள். அடுத்த வீட்டுக் கல்யாணப் புகைப்படத்தை நேராக்கப்போய் ஆணியோடு கையில் எடுத்துக்கொண்டு நின்றவள். "உன் கை சும்மா இருந்தா ஊருக்கே நல்லதும்மா" என்பது அவள் வீட்டுக்காரர், அதாவது வேன் ஓட்டியவர், தினம் சொல்லும் வசனம்.

விழாவின் இரண்டாம் நாள் காலை ஒரு மீசைக்காரர் வந்தார். மீசை என்றால் சாதாரண மீசை இல்லை. கதவைத் திறந்ததும் முதலில் அதுதான் உள்ளே வந்தது. பின்னால் அவருடைய மனைவியின் தம்பி, பெட்டியைச் சுமந்துகொண்டு. இருவரும் ஜோடியாக வாசிப்பவர்கள். மீசைக்காரர் அவரை மச்சான் என்று அழைப்பதைக் கேட்டுக் கேட்டு விழாவில் எல்லோருக்குமே அவர் மச்சான் ஆகிவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் ஒரு பொது மொழியை அவரவர் வசதிக்கு உடைத்துப் பேசினார்கள். உடைந்ததையெல்லாம் ஒட்டி, நம் பேச்சாகவே தருகிறேன்.

"ஒரே ஒரு கட்டை ஒட்டிக்குதும்மா. எடுத்து விட்டா போதும். நாளைக்கு மத்தியானம் எங்க வாசிப்பு" என்றார் மீசைக்காரர்.

"அத்தான் வாசிக்கும்போது பிஸ்கட் சாப்பிடுவாரு. உள்ள ஒரு பேக்கரியே இருக்கும், பாத்துக்கோங்க" என்றார் மச்சான்.

பிஸ்கட் தூள்தான். ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டாள். மூடுவதற்கு முன் சரிபார்க்க வாசித்தாள். அங்கேதான் வந்தது வினை.

அக்கார்டியனில் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே மெல்லிய எஃகு நாக்குகள் இரண்டு சேர்ந்து பேசும். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் ஒலி நேராக நிற்கும். ஒன்றை மயிரிழை ஏற்றி வைத்தால் ஒலி அலை அலையாக ஏறி இறங்கும். வேண்டுமென்றே அப்படி வைத்துக்கொள்பவர்கள் உண்டு; அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரிந்து வைக்கும் அலை கட்டைக்குக் கட்டை ஓர் ஒழுங்கில் போகும். இந்தப் பெட்டியில் ஒரு கட்டை வினாடிக்கு மூன்று முறை ஆடியது, பக்கத்துக் கட்டை ஏழு முறை, அடுத்தது ஐந்து. அவளுக்கு அது கவனிப்பாரற்றுக் கெட்டுப்போன பெட்டியாகத் தெரிந்தது.

"அய்யோ பாவம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். சுரண்டுகத்தியை எடுத்தாள். மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டையாக, ஏறி நின்ற நாக்கின் அடிப்பக்கத்தை இழை இழையாகச் சுரண்டி, இரண்டையும் ஒன்றாகப் பேச வைத்தாள். இருபது கட்டை முடிந்தபோது கண் பூத்துப்போய் டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பெட்டி இல்லை. பயிற்சிக்கு நேரமாயிற்று என்று மீசைக்காரர் எடுத்துப் போயிருந்தார்.

நடைவழியில் பயிற்சி நடந்தது. கீழ்க்கட்டைகளில் தொடங்கிய பாட்டு மேலே ஏறியதும் மச்சான் கையை நிறுத்தினார்.

"அத்தான், உங்க பெட்டிக்குச் சளி குணமாயிடுச்சா?"

மீசைக்காரர் ஒரு மேல்கட்டையை அமுக்கினார். அடுத்ததை. அதற்கடுத்ததை. காதைப் பெட்டியின் மேல் வைத்தார். முகம் வெளுத்துப்போனது.

"விமானத்துல சாமான் அறை குளிரும்பாங்களே. அதுல போயிருச்சு. தொண்டை போயிருச்சு மச்சான்."

டாக்டரம்மா கையில் டீயோடு கதவருகே நின்றிருந்தாள். அவள் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்றார். தாழ்ந்த குரலில் சொன்னார்: "விமானமே பழியை ஏத்துக்கிச்சு. நீ ஏன் வாயைத் திறக்கிற?"

 டீ ஆறும்வரை நின்றாள். அவர் சொன்னதில் ஒரு சௌகரியம் இருந்தது. அந்தச் சௌகரியத்தில் உட்கார்ந்து பார்த்தாள், முடியவில்லை. கோணலான படத்தைக் கண்ட மாதிரி இருந்தது. நடந்துபோய் மீசைக்காரர் முன்னால் நின்றாள்.

"விமானம் இல்லைங்க. நான்தான். கெட்டுப்போச்சுன்னு நெனச்சு சரி பண்ணிட்டேன்."

 மீசைக்காரர் அங்கிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் அதைத் தடவினார். அப்படி எவ்வளவு நேரம் தடவிக்கொண்டிருந்தார் என்பதற்கு இருவேறு கணக்குகள் உண்டு. அவளைக் கேட்டால் அரை மணி என்பாள், அவள் வீட்டுக்காரரைக் கேட்டால் இரண்டு நிமிடம் என்பார்.

"எல்லாமேவா?" என்றார் கடைசியில்.

"மேல்பாதி. இருபது கட்டை."

"கீழ்ப்பாதியை ஏன் விட்டீங்க?"

"டீ குடிக்கப் போயிட்டேன்."

மச்சானுக்குச் சிரிப்பு பீறிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்த டீக்கடைக்காரருக்குச் சிலை வைக்கணும் அத்தான்!"

மீசைக்காரர் சிரிக்கவில்லை. "இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால என் பொண்டாட்டி சமையல் மேசையில உக்காந்து, காதால கேட்டுக் கேட்டு, அரத்தால தேச்சு வச்சது. அந்த ஆட்டம் இல்லன்னா அது என் பெட்டி இல்ல. நாளைக்கு நான் மேடை ஏறல."

விழாவின் மேலாளர் அம்மா ஓடிவந்தார். வேறு அக்கார்டியன் தருகிறோம் என்றார். "அடுத்தவன் பல்லை மாட்டிக்கிட்டுச் சாப்பிடச் சொல்றீங்களா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தார் மீசைக்காரர்.

"திரும்ப ஏத்திடலாங்க" என்றாள் டாக்டரம்மா. "ஆனா ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு ஆடிச்சுன்னு தெரியணும். நாக்குல ஏற்கெனவே சுரண்டியாச்சு. இன்னொரு தடவை தாங்கும். மூணாவது தடவை ஒடிஞ்சிரும்."

சேதி பரவியதும் துணி தேய்க்கும் அறை கல்யாண வீடு ஆனது. ஆளுக்கொரு யோசனை. குளிர்நாட்டிலிருந்து வந்த உயரமான பெண்மணி, அலையே தேவையில்லை, நேராக நிற்கும் ஒலிதான் மரியாதையான ஒலி என்றார். பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர், பத்து அலைக்குக் குறைந்தால் அது அக்கார்டியனே இல்லை, கதவுக் கீல் என்றார். பேச்சுவார்த்தை இல்லாத இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே கருத்தைச் சொல்லிவிட்டு, அதற்காகவே இன்னும் கோபித்துக்கொண்டார்கள்.

பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு கல்யாண வீடியோ இருந்தது. அதில் தட்டுச் சத்தமும் குழந்தைகளின் அழுகையும் மச்சானின் பெட்டியும் கலந்து ஒன்றும் பிரியவில்லை.

மீசைக்காரர் மனைவிக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் அந்த அம்மாளின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"கணக்கா? எனக்கென்ன கணக்கு தெரியும்? நல்லா இருக்கிற வரைக்கும் தேச்சேன். ஆமா, என் பெட்டியில கை வச்சது யாரு?"

"நான்தாங்க" என்றாள் டாக்டரம்மா.

எதிர்முனையில் குரல் தணிந்தது. "நீங்களே சொல்லிட்டீங்களா? அப்ப சரி. பக்கத்துல என் தம்பி இருக்கானா? அவனைக் கேளுங்க. நான் தேச்ச மாசம் பூரா எங்க வீட்டுல உக்காந்து, சத்தம் தாங்கலன்னு புலம்பிக்கிட்டே இருந்தான்."

எல்லோரும் மச்சான் பக்கம் திரும்பினார்கள். மச்சான் கூரையைப் பார்த்தார்.

அந்த ஆட்டத்தை இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கேலி செய்துவந்தவர் அவர். குளிரில் நிற்கும் ஆட்டுக்குட்டி என்பார், கடன்காரனைக் கண்ட குரல் என்பார். ஊர் ஊராக, மேடை மேடையாக, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தவர்.

"எனக்கென்ன தெரியும்?" என்றார்.

"மேலேருந்து மூணாவது கட்டை?" என்றாள் டாக்டரம்மா.

மச்சானின் வலதுகை ஆள்காட்டி விரல், அவரைக் கேட்காமலே மேசையைத் தட்டியது. டக டக டக டக டக டக. ஒரு வினாடிக்கு ஆறு.

மீசைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான். அதேதான்!"

"நாலாவது?"

"அது சனியன். ஏழு. ஏழுக்குக் கொஞ்சம் மேல" என்றார் மச்சான். "அது வரும்போதெல்லாம் எனக்குக் கடைவாய்ப்பல் கூசும்."

மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மத்தியானம் தொடங்கி விளக்குப் போடும் நேரம் வரை வேலை நடந்தது. மச்சான் மேசையில் தட்டுவார். அவள் நாக்கின் நுனியைச் சுரண்டுவாள், ஊதிப் பார்ப்பாள், எண்ணுவாள். மச்சான் இல்லை என்று தலையாட்டுவார். இன்னும் ஓர் இழை.  வெறுப்பு என்று நாம் பெயர் வைத்திருக்கிற ஒன்று இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டு வைத்திருக்குமா என்று அவளுக்குத் தோன்றியது.  மச்சானின் நினைவு அக்காவின் பழைய சமையலறைக்குப் போயிருந்தது முகத்தில் தெரிந்தது. மீசைக்காரர் மூலையில் உட்கார்ந்து, பெட்டிக்குப் பக்கத்தில் தின்னக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தும், பிஸ்கட் சாப்பிட்டார்.

பதினாறாவது கட்டை வந்தபோது மீசைக்காரர் கை கழுவப் போயிருந்தார். மச்சான் மேசையில் தட்டினார். இரண்டுதான்.

அவள் நிமிர்ந்தாள். முந்தினது எட்டு, அதற்கு முந்தினது ஏழு. "ரெண்டா? நிச்சயமாவா?"

"எங்கம்மா மேல சத்தியம்" என்றார் மச்சான், ஜன்னல் வழியே சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் மூன்று, ஏழு, ஐந்து என்று கோணலைக் கண்டு கை நீட்டியதன் பலனை இப்போதுதான் அனுபவித்துக்கொண்டிருந்தாள். இதுவும் கோணல்தான். ஒரு பெருமூச்சு விட்டு, இரண்டாகவே வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் அரங்கம் நிறைந்திருந்தது. டாக்டரம்மா திரைக்குப் பக்கத்தில், வீட்டுக்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரத்தம் ஓட விடும்மா. சாயங்காலம் வண்டி ஓட்டணும்" என்றார் அவர். அவள் விடவில்லை.

மீசைக்காரர் கீழ்க்கட்டைகளில் தொடங்கினார். பாட்டு படியேறி மேலே வந்தது. ஒலி நடுங்கியது, ஒவ்வொரு கட்டையும் தன் தன் வேகத்தில். சிரிப்பும் விம்மலும் ஒரே வாயிலிருந்து வருவதுபோல் இருந்தது. அவளுக்கு அது கெட்டுப்போன பெட்டியாக இப்போது கேட்கவில்லை; ஒரு வீட்டில் பலர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் கேட்டது. மேல்பாதி நன்றாக இருந்தது. அவள் மூச்சு விட்டாள்.

அப்போதுதான் பதினாறாவது கட்டை வந்தது. நீட்டி நிறுத்த வேண்டிய இடம். அது வெயிலில் படுத்த பூனை மாதிரி நிதானமாக, மெதுவாக ஆடியது.

மீசைக்காரரின் மீசை நின்றது. தலையை மட்டும் மெல்லத் திருப்பி மச்சானைப் பார்த்தார். மச்சான் தன் பெட்டியைப் பார்த்து மிகுந்த பக்தியோடு வாசித்துக்கொண்டிருந்தார். மீசைக்காரர் அதே கட்டையை மறுபடி அமுக்கினார். பாட்டில் அங்கே அது கிடையாது. மூன்றாம் முறை அமுக்கினார். தோள் குலுங்க ஆரம்பித்தது. துருத்தியை இழுத்தபடி, வாசிப்பை விடாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஒரு கட்டை!" என்றார் மேடையிலேயே. "இருபத்தெட்டு வருஷம் கழிச்சு ஒரு கட்டையாடா?"

"ஒண்ணே ஒண்ணுதான் அத்தான்" என்றார் மச்சான். "அது கூடவா எனக்குக் கிடையாது?"

அவர்கள் பேசியது பார்வையாளர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார்கள், பிறகு எழுந்து நின்று கைதட்டினார்கள். வாசிப்பு முடிந்ததும் மீசைக்காரர் திரைக்குப் பின்னால் வந்தார். டாக்டரம்மா பயந்துகொண்டே, "அதையும் ஏத்திடவாங்க? ஒரு தடவை பாக்கலாம்" என்றாள்.

"வேண்டாம்" என்றார் அவர். "கத்தியைக் கீழ வைங்க முதல்ல."

மீசைக்காரரும் மச்சானும் நான்காம் நாள் ஊர் திரும்பினார்கள். திரும்பிய வாரமே மீசைக்காரரின் மனைவி பதினாறாவது கட்டையைத் திறந்து எட்டுக்கு ஏற்றிவிட்டதாகக் கடிதம் வந்தது, நாக்கு ஒடியவில்லை. மச்சானுக்கு அடுத்த ஆண்டு முழங்காலில் அறுவை சிகிச்சை, அதனால் விழாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு வந்தார். உயரமான பெண்மணி இசைப்பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பச்சைத் தொப்பிக்காரரைப் பற்றித் தகவல் இல்லை. பேச்சுவார்த்தை இல்லாத இருவரும் இன்னும் பேசவில்லை. மேலாளர் அம்மா விழாவை விட்டு ஒரு நூலகத்துக்குப் போனார். வேன் ஓட்டியவர் இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறார். டாக்டரம்மா இன்றும் அதே அறையில் ஆண்டுதோறும் ஐந்து நாள் உட்கார்ந்து பழுது பார்க்கிறாள்.