பம்புக்கு ஒரு தேங்காய்

நீர் இறைக்கும் துலா மரத்தின் மேல் தியாகலிங்கம் முன்னும் பின்னும் நடக்க, கீழே கிணற்றுக்கட்டில் நின்ற அவர் மனைவி குணலட்சுமி தண்ணீர்ப் பட்டையை இழுத்து வாய்க்காலில் கவிழ்த்தாள். நீர்வேலி ஊரின் செம்மண் அதை வந்த வேகத்திலேயே குடித்தது. கடைசி வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் போகுமுன்னே அவருடைய முழங்கால் மடங்கிவிட்டது. மெல்லப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

"இஞ்சாரும், இண்டைக்கு இவ்வளவுதான்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெங்காயத் தாள்களின் நுனி வெளுக்கத் தொடங்கியிருந்தது. அரசாங்கம் மானியமாக அரைவிலைக்குக் கொடுத்த மண்ணெண்ணெய்ப் பம்பு ஒன்று கிடைத்திருந்தால் இந்தப் பயிரைக் காப்பாற்றியிருக்கலாம். முதல் ஆளாக மனுக் கொடுத்தவள் குணலட்சுமி. எல்லாம் கொடுத்து முடிந்தது என்றார்கள் விவசாயக் குழுவில். ஆருக்கு என்று கேட்டதற்குச் செயலாளர் சோமசேகரம் பேனையை மூடியபடி, "உதெல்லாம் வெளியிலை சொல்லுற விஷயமில்லை, அக்கா" என்றான்.

அந்த ஊரில் மாடோ வண்டியோ சைக்கிளோ புதிதாக வாங்கினால், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்த பிறகுதான் தொடுவார்கள். கடையில் முழுவிலை கொடுத்துப் பம்பு வாங்கியவர்களும் அடித்தார்கள். அரைவிலைப் பம்புக்கென்று ஒருவர்கூடத் தேங்காய் அடிக்க வரவில்லை. அதுதான் குணலட்சுமியின் மனதில் முள்ளாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சனம் விபூதி வாங்கிக்கொண்டு நின்றபோது, வீட்டுத் தென்னையில் பறித்த தேங்காய்களைப் பனையோலைக் கடகத்தில் சுமந்து வந்து, தேங்காய் அடிக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இறக்கினாள்.

"அரைவிலைக்குப் பம்பு எடுத்த ஆக்கள் வந்து ஒண்டு அடியுங்கோ. தேங்காய் என்ரை."

குழுத் தலைவர் கனகசபாபதி சால்வையைச் சரிசெய்துகொண்டு, கோயில் வாசலில் அரசியல் கதைக்கக்கூடாது என்றார்.

"எங்களுக்குச் சொல்ல வேண்டாம், தலைவர். பிள்ளையாருக்கும் சொல்லேலாத மானியமோ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வாழைத்தோட்டக்காரர் பரமலிங்கம் முன்னால் வந்தார். தான் எடுத்தது உண்மை, தோட்டத்துக்குத்தான் இறைக்கிறேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று சொல்லி ஒன்றை ஓங்கி அடித்தார். எல்லாக் கண்களும் தலைவரிடம் திரும்பின. அவர் குனிந்து செருப்பைத் தேடினார்.

அவர் மனைவி பத்மாசினி நகரவில்லை. பம்பு வீட்டுக்கு வந்த கிழமையே அவர் காய்ச்சலில் படுத்தது அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. ஒரு தேங்காயை எடுத்தாள். சற்று யோசித்து இன்னொன்றையும் எடுத்தாள்.

"இஞ்சை வாரும்" என்று பல்லைக் கடித்தார் தலைவர்.

"சாமி விஷயத்திலை விளையாடேலாதப்பா. ஒண்டு எங்கடை. மற்றது கொழும்பிலை கந்தோரிலை வேலை பாக்கிற தம்பியின்ரை பேரிலை எடுத்தது. அது இன்னும் பெட்டியும் உடைக்காமல் கிடக்கு."

இரண்டு தேங்காய்களும் சிதறின.

குணலட்சுமி கடகத்தை ஐயரின் பக்கமாகத் தள்ளிவைத்தாள். "மிச்சம் இஞ்சை கிடக்கட்டும், ஐயா. மற்ற ஆக்களும் வரவேணும். ஒவ்வொரு வெள்ளியும் வந்து பாப்பன்."

மறுநாள் விடிய, தலைவரின் தோட்டத்தில் பம்பு இரைந்தது. இந்தப் பக்கம் தியாகலிங்கம் முழங்காலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாயில் சிதறுதேங்காய்த் துண்டு ஒன்றை மென்றபடி, துலாவில் ஏறினார்.