நாடி பார்த்து விற்ற பங்குகள்

பங்குச்சந்தை சரிந்த அன்று காலை எங்கள் வீடு மூன்றாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு இறங்கியிருந்தது. பால்காரருக்கு வசதி என்றாள் என் மனைவி பூங்கோதை.

அவளுடைய வளையல்களை விற்று ஒரு பம்ப்செட் கம்பெனியின் பங்குகளை வாங்கியிருந்தேன். மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற நினைத்து, கோயம்புத்தூரிலுள்ள தரகர் அலுவலகத்துக்குப் போனேன்.

வராந்தாவில் வேகமாக நடந்தேன். வராந்தா நீண்டது. எரிச்சலில் நின்றேன். கவுண்டரே என்னிடம் வந்தது.

உள்ளே இருந்த தரகர் தண்டபாணி என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அவருக்குப் பின்னாலிருந்த பலகையில் என் பங்கின் விலை இறங்கியது.

"நாடி வேகமா அடிச்சா விலை இறங்குமுங்க."

"மெதுவா அடிச்சா?"

"ஏறுமுங்க."

மூச்சை இழுத்து விட்டேன். விலை ஏறியது.

"இப்ப வித்துரட்டுங்களா?"

"இருங்க. இன்னும் கொஞ்சம் ஏறட்டும்."

அந்த ஆசையில் நாடி துள்ளியது. விலை முன்பைவிடக் கீழே போனது. மறுபடி மூச்சை இழுத்தேன். மறுபடி ஆசைப்பட்டேன். மறுபடி இறங்கியது.

"வித்துத் தொலைங்க!" என்று கத்தினேன்.

விற்றுவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் விலை கிடுகிடுவென்று ஏறியது. பலகையை உடைக்க வேண்டும்போல் இருந்தது.

பக்கத்துக் கவுண்டரில் பூங்கோதை நின்றிருந்தாள்.

"ஏனுங்க, வெலை ஏறிட்டே போச்சு. விட்டாக் கெடைக்காதுன்னு வாங்கிப்போட்டேன்."

நான் விற்ற அதே பங்குகள்.

"எதை வச்சு வாங்குன?"

அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. தாலிக்கொடி தண்டபாணியின் மேஜைமேல் இருந்தது.

"பைத்தியமா உனக்கு?"

"வளையலை வித்தப்ப உங்களுக்கு என்னவா இருந்துச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். விலை இறங்கியது.

தண்டபாணி சாப்பாட்டுப் பையை எடுத்தார். என் விரல்களை அவள் மணிக்கட்டிலும் அவள் விரல்களை என் மணிக்கட்டிலும் வைத்தார்.

"நான் சாப்பிட்டுட்டு வர்ற வரைக்கும் பாத்துக்குங்க."

போய்விட்டார்.

"உங்குளுது ஓடுதுங்க" என்றாள் பூங்கோதை.

"உன்னுதுந்தான்."

விலை இறங்கிக்கொண்டே இருந்தது. அவளைக் கையை எடுக்கச் சொன்னேன்.

"நீங்க மொதல்ல எடுங்க" என்றாள்.