எச்சரிக்கை முதலில் யாருக்கு

ஜோசப்பின் என்ற பெண் அமைத்த கணினி, ரொறன்ரோ ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளுக்கு யார் என்ன வருத்தமென்று வந்தாலும் உடனுக்குடன் வாசித்துவிடும். ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரியான நோயோடு பலர் வந்தால் எச்சரிக்கும். யாராவது வேண்டுமென்றே கிருமியைப் பரப்பினால் கண்டுபிடிப்பதற்கென்று அரசாங்கம் செய்வித்த வேலை அது.

எச்சரிக்கை முதலில் சுகாதாரப் பரிசோதகர்களுக்குப் போகவேண்டும் என்றுதான் அவள் எழுதியிருந்தாள். மேலதிகாரி மாற்றச் சொன்னார். முதலில் பாதுகாப்புப் பிரிவு. அவர்கள் சதி இல்லையென்று சொல்லும்வரை வெளியில் மூச்சு விடக்கூடாது. இரண்டு கூட்டங்களில் வாதாடினாள். மூன்றாவதில் அவர் சொன்னபடியே மாற்றிக் கொடுத்தாள்.

ஓகஸ்டில் எச்சரிக்கை வந்தது. ஸ்காபரோவில் ஒரே மாடிக்கட்டடத்திலிருந்து ஏழு பேர் நிமோனியாவோடு வந்திருந்தார்கள். முகவரியைப் பார்த்தாள். அக்கா கிளடிஸ் இருக்கும் கட்டடம். பக்கத்துப் பிளாசாக் கடைகளின் கூரையில் குளிரூட்டிக்கான தண்ணீர் கெட்டு, அதில் வளர்ந்த கிருமி காற்றில் பரவியிருக்கும், வெயில் காலத்தில் நடப்பதுதான் என்று மேலதிகாரியிடம் சொன்னாள். பாதுகாப்புப் பிரிவு முடிக்கட்டும் என்றார் அவர்.

கார் தரிப்பிடத்துக்குப் போய் அக்காவுக்குக் கோல் எடுத்தாள். சீமோன் அத்தானுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலாம்.

"இப்பவே எமேர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அக்கா."

"உந்தத் தடிமன் காய்ச்சலுக்கோ? அங்க விடியவிடியக் கதிரையில குந்தியிருக்க உவர் வரமாட்டார். பனடோல் குடுத்தனான். ஏன், உனக்கு ஏதும் தெரியுமோ?"

ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன் என்றாள் ஜோசப்பின். வாய் திறந்தால் வேலை போய்விடும்.

பாதுகாப்புப் பிரிவினர் கதவு கதவாகத் தட்டி, யார் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று விசாரித்தார்கள். சதி ஒன்றும் அகப்படவில்லை. பரிசோதகர்கள் ஒருவழியாகக் கூரைக்கு ஏறியபோது கிருமி அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. அதற்குள் அத்தான் மூச்சுக் கருவியில் கிடந்தார். அவரோடு சேர்த்து நால்வர் செத்தார்கள்.

முதல்நாளே கண்டுபிடித்த கணினிக்காக அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவளுக்கும் ஒரு துண்டு தந்தார்கள். தின்றாள்.

அத்தானின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து, மாதா கோயில் மண்டபத்தில் சாப்பாடு நடந்தது. கிளடிஸ் அவளை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள்.

"உங்கட மெஷின் முதல்நாளே பிடிச்சதெண்டு நியூஸில சொன்னவை. நீ கோல் எடுத்த நேரம் உனக்குத் தெரியுமோ?"

"ஓம், அக்கா."

கிளடிஸ் அழவில்லை. "காரணத்தைச் சொல்லியிருந்தா, அந்த மனுசனை இழுத்துக்கொண்டெண்டாலும் போயிருப்பன்" என்றாள். பிறகு வந்தவர்களுக்குச் சோறு போடப் போய்விட்டாள்.

எச்சரிக்கை முதலில் யாருக்குப் போவது என்ற ஒழுங்கை மாற்றவேண்டுமென்று ஜோசப்பின் மறுபடி எழுதிக் கொடுத்தாள். நன்றாக வேலை செய்வதை ஏன் தொடவேண்டும் என்றார் மேலதிகாரி. அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். கிளடிஸ் அவளோடு கதைப்பதில்லை.